வாயில்லா உயிர்களும் மருந்தும்

நம் புந்தோங் வட்டாரத்தில் பூனை இல்லாத தெருவைக் காண்பது அரிது. நாய், கோழி, புறா, முயல் ஆகியவற்றை வளர்ப்போரும் பலர் உளர். வேறு சில நாடுகளில் ஃபெரெட் என்னும் விலங்கையும் வீட்டில் வளர்க்கின்றனர். அது கீரியைப் போல நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்டது. இவற்றுள் எதற்கேனும் நோய் கண்டால் நம் மனம் வாடுகின்றது. உடனே ஏதேனும் செய்யவேண்டும் என்னும் எண்ணத்தில் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கின்றோம். இரக்கம் நல்லதே. ஆயினும் அறிவு துணை நில்லாத இரக்கம், நாம் காக்க விரும்பும் உயிரையே போக்கிவிடக் கூடும். அஃது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் உட்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். கடைகளில் விற்கப்படும் மாத்திரை ஒன்றில் பெரும்பாலும் 500 மில்லிகிராம் மருந்து உள்ளது. 60 கிலோ எடையுள்ள பெரியவர் ஒருவர் அதனை விழுங்கினால், அவருடைய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 8 மில்லிகிராம் மருந்து சேர்கின்றது. அதே மாத்திரையை 4 கிலோ எடையுள்ள பூனைக்குக் கொடுத்தால், ஒவ்வொரு கிலோவுக்கும் 125 மில்லிகிராம் சேர்கின்றது. இஃது ஏறத்தாழ 15 மடங்காகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்பது நம் முன்னோர் கண்ட உண்மையன்றோ?

அவ்வாறாயின், மாத்திரையைப் பதினைந்து துண்டாக்கி ஒரு துண்டைக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் தகாது. பூனை என்பது சிறிய மனிதன் அன்று. நம் கல்லீரல் பாராசிட்டமாலை ஒருவகைச் சர்க்கரைப் பொருளோடு இணைத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகின்றது. இவ்வேலையைச் செய்யும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஆதலின் மருந்து வெளியேறாமல் நஞ்சாக மாறி, இரத்தத்தின் சிவப்பு அணுக்களைத் தாக்குகின்றது. அவ்வணுக்கள் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கின்றன. பூனையின் ஈறு பழுப்பு நிறம் அடையும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சுத் திணறும். உரிய காலத்தில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றால் மாற்று மருந்து உண்டு. காலந்தாழ்த்தினால் உயிர் பிழைப்பது அரிது.

ஃபெரெட்டின் நிலையும் இதுவே. ஏறத்தாழ ஒரு கிலோ எடையே உள்ள அச்சிறு விலங்குக்குப் பாராசிட்டமாலும் ஆகாது. ஐபுபுரோஃபென் என்னும் வலி மாத்திரையும் ஆகாது. அவ்வலி மாத்திரை ஒன்றே அதனை மயக்கத்தில் ஆழ்த்தி உயிரையும் பறித்துவிடக் கூடும். நாய் உருவத்தில் பெரியதாயினும், அதற்கும் ஐபுபுரோஃபென் குடற்புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் விளைவிக்கும்.

மனிதர் மருந்து மட்டுமன்றி, ஒரு விலங்கின் மருந்தும் மற்றொன்றுக்கு நஞ்சாகலாம். நாயின் மேல் உள்ள தெள்ளையும் உண்ணியையும் ஒழிக்கப் பிடரியில் விடும் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பொருள் உள்ளது. நாய் அதனைத் தாங்கும். பூனையோ வலிப்புக் கண்டு துடிக்கும். மருந்துறையில் நாயின் படம் இருந்தால் அது நாய்க்கே உரியது என அறிக.

கைவைத்தியத்திலும் கவனம் வேண்டும். கோழிக்குச் சளி பிடித்தால் சின்ன வெங்காயம் கொடுக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அதனைக் கண்டு நாய்க்கும் பூனைக்கும் வெங்காயம் ஊட்டுதல் கூடாது. அஃது அவற்றின் சிவப்பு அணுக்களை அழிக்கும். தலைவலித் தைலத்தைப் பூனையின் மேல் தேய்த்தால், அது தன் உடலை நக்கும்போது தைலம் வயிற்றுக்குள் செல்லும். கசக்கும் மாத்திரையைச் சாக்லெட்டில் பொதிந்து நாய்க்குக் கொடுப்பதும் தவறு. சாக்லெட்டே நாய்க்கு நஞ்சு.

தவறான மருந்தின் தீங்கு ஒரு வீட்டோடு நிற்பதில்லை என்பதற்கு இந்திய நாட்டில் நிகழ்ந்த ஒன்று சான்றாகும். அங்கு மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்தைச் செலுத்தி வந்தனர். மருந்து உடலில் தங்கிய நிலையில் இறந்த மாடுகளைப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் உண்டன. மருந்து அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. அவை கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1992-ஆம் ஆண்டுக்கும் 2007-ஆம் ஆண்டுக்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே எஞ்சியது என ஆய்வாளர் கணக்கிட்டனர். இதற்குக் காரணம் டைக்ளோஃபினாக்கே என்பதைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வொன்று 2004-ஆம் ஆண்டில் உலகுக்கு உணர்த்தியது. 2006-ஆம் ஆண்டில் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் நீலகிரியின் அடிவாரத்தில் உள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகள் இன்று காக்கப்பட்டு வருகின்றன. மாட்டுக்கு நன்மை செய்த மருந்தே பறவைக்கு எமனாயிற்று என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாடும் ஆடும் வளர்க்கும் குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. நோயுற்ற பசுவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தினால், அது பாலிலும் சில நாள் கலந்து வரும். மருத்துவர் குறிக்கும் நாள் கழியும்வரை அப்பாலை நாம் பருகலாகாது. பிறருக்கு விற்றலும் ஆகாது.

மாணவர்களே! நீங்கள் செய்யத் தக்கவை இவை:

1. செல்லப் பிராணிக்கு நோய் கண்டால் பெற்றோரிடம் கூறுங்கள். நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள்.

2. அதன் எடையை அறிந்து வையுங்கள். தந்தையார் பூனையைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நிற்கட்டும். பின்னர்த் தனியே நிற்கட்டும். முன்னது 72 கிலோ, பின்னது 68 கிலோ எனின், பூனையின் எடை 4 கிலோ. நீங்கள் வகுப்பில் பயின்ற கழித்தல் கணக்கு ஓர் உயிரைக் காக்கவும் உதவும்.

3. மருத்துவர் சொன்ன அளவையும் வேளையையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒருவர் கொடுத்ததை அறியாமல் மற்றொருவர் மீண்டும் கொடுப்பதை அது தடுக்கும்.

4. விலங்கின் மருந்தையும் வீட்டார் மருந்தையும் தனித்தனியே, பூட்டிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். உறையை எறிந்துவிடக் கூடாது.

5. பிராணி தவறான மருந்தைத் தின்றுவிட்டால், உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். பெற்றோரோடு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்தின் உறையையும் கொண்டு செல்லுங்கள்.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விலங்குநலச் சட்டம், விலங்கை வளர்ப்பவரே அதன் நலனுக்குப் பொறுப்பு என்கின்றது. ஈப்போவில் கால்நடை மருத்துவர்கள் உள்ளனர். விலங்கு நோய்களை ஆராயும் கால்நடை ஆராய்ச்சிக் கழகமும் 1948-ஆம் ஆண்டு முதல் இந்நகரிலேயே இயங்கி வருகின்றது. இத்தகைய துணை அருகில் இருக்க, ஊகத்தால் மருந்து கொடுப்பது நமக்கு அழகன்று.

திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார்: நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர். மனித நோயாளி தனக்கு வலிக்கும் இடத்தைச் சொல்லுவார். மருந்து ஒவ்வாவிடின் வேண்டா என்று மறுப்பார். பூனையும் நாயும் அவ்வாறு சொல்ல இயலாதவை. நாம் நீட்டுவதை நம்பி வாய் திறப்பவை. ஆதலின் நான்காமவராகிய நம் பொறுப்பே அங்குப் பெரிது. அந்நம்பிக்கைக்கு உரியவராக நாம் நடந்துகொள்வோமாக.