சாச்சியின் கேள்வியும் சூரிச் நகரின் பதிலும்

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அஸர் நேரம் சாச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பிரிக்கப்படாத சோற்றுப் பார்சல். அவருடைய மூத்த மகனை முந்தின இரவு பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் வைத்துப் பொலிசார் பிடித்திருந்தார்கள். சட்டைப் பையில் இருந்தது ஒரு சின்னப் பக்கெட் ஹெரோயின். சாச்சி பார்சலோடு போய்ச் சேருவதற்குள் அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டு போய்விட்டார்களாம்.

எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கிய நானா அவர். பத்தாம் வகுப்பில் எனக்குக் கணிதம் சொல்லித் தந்ததும் அவர்தான்.

உம்மா கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே சாச்சி சொன்னார்: "பொலிசுக்குப் போனா கேஸ் எண்டு சொல்றாங்க. சபைக்குப் போனா அது எங்கட வேலை இல்ல எண்டு சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா கிளினிக் நாளில வரச் சொல்றாங்க. புள்ளக்கு வந்திருக்கிறது வருத்தமா, குற்றமா? நான் யாருக்கிட்ட போறது மகள்?"

வாப்பாவிடம் பதில் இருக்கவில்லை. என்னிடமும் இல்லை.

சில மாதங்களின் பின் எங்கள் கல்லூரி விவாத அணிக்கு ஒரு தலைப்பு வந்தது: 'போதையை ஒழிக்கப் பொலிஸ் நடவடிக்கை ஒன்றே போதும்.' நான் எதிரணி. அதற்காகத் தேடி வாசித்தபோதுதான் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரின் கதை எனக்குக் கிடைத்தது. விவாதத்தில் நாங்கள் தோற்றுப் போனோம். ஆனால் சாச்சியின் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. சாச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேர மட்டும் போடாத" என்றார்.

உடலுக்குள் நடப்பது என்ன?

ஓபியம் என்பது கசகசாச் செடியின் காயிலிருந்து வடியும் பால். அதிலிருந்து மோர்பின் என்ற வலி நிவாரணி கிடைக்கிறது. மோர்பினை இரசாயன முறையில் மாற்றினால் கிடைப்பது ஹெரோயின். 1898 இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இதை இருமல் மருந்தாகவே விற்பனைக்கு விட்டது என்பதை வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருட்களுக்கு ஓபியொயிட்டுகள் என்று பெயர்.

வலியைக் குறைப்பதற்கு நம் மூளையே சில பொருட்களைச் சுரக்கிறது. ஹெரோயின் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாளாக ஆக, உடல் அது இல்லாமல் இயங்க மறுக்கிறது. கடைசியாகப் பாவித்து எட்டு மணித்தியாலத்திலிருந்து ஒரு நாளைக்குள் வியர்வை, நடுக்கம், வயிற்றோட்டம், எலும்புக்குள் குத்துவது போன்ற வலி, தூக்கமின்மை எல்லாம் தொடங்கும். நான்கு முதல் பத்து நாட்கள் வரை அது நீடிக்கலாம். சாச்சியின் வீட்டில் பணம் காணாமல் போனதும், நானா கதவைச் சாத்திக்கொண்டு முனகியதும் எதனால் என்று இதை வாசித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆரம்பத்தில் இன்பத்துக்காகப் பாவித்தவர், பின்னர் அந்த வலி வராமல் இருப்பதற்காகப் பாவிக்கிறார். இதைத்தான் தங்கியிருத்தல் என்கிறார்கள்.

இன்னொரு விடயத்தைப் பெற்றோர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சிறையிலோ வேறெங்கோ சில வாரங்கள் பாவிக்காமல் இருந்தவரின் உடல், பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று இறக்கக்கூடும். விடுதலையான முதல் சில வாரங்களே மிக ஆபத்தானவை. அடைத்து வைத்தால் மட்டும் குணமாகிவிடாது என்று வைத்தியர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு பூங்கா, இரண்டு பாடங்கள்

சூரிச்சின் பிரதான புகையிரத நிலையத்துக்கு அருகில், தேசிய அரும்பொருட்காட்சியகத்தின் பின்புறம், லிம்மாட், சீல் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் பிளாட்ஸ்பிட்ஸ் என்றொரு அழகான பூங்கா உண்டு. 1980களில் பொலிசார் நகரின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஹெரோயின் பாவிப்போரைத் துரத்தினார்கள். துரத்தப்பட்டவர்கள் கடைசியில் இந்தப் பூங்காவில் கூடினார்கள். ஓரிடத்தில் இருந்தாலாவது கண்காணிக்கலாம் என்று அதிகாரிகள் விட்டுவிட்டார்கள். சில நாட்களில் 3000 பேர் வரை வந்துபோகும் திறந்தவெளிப் போதைச் சந்தையாக அது மாறியது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதற்கு 'ஊசிப் பூங்கா' என்று பெயர் வைத்தன.

அது எயிட்ஸ் பரவிய காலம். ஒரே ஊசியைப் பலர் பாவித்ததால் எச்.ஐ.வி. வேகமாகத் தொற்றியது. அப்படியிருந்தும், 1985 இல் அந்த மாநிலத்தின் சுகாதார அதிகாரி, பாவனையாளர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுப்பதைத் தடை செய்தார். நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் அதை ஏற்க மறுத்ததால் மறு வருடமே தடை நீங்கியது. 1988 முதல் பூங்காவுக்குள்ளேயே வைத்தியர்களும் தாதியரும் இருந்து ஊசிகளை மாற்றிக் கொடுத்தார்கள். மூச்சடங்கியவர்களைப் பிழைக்க வைத்தார்கள். அது உயிர்களைக் காத்தது. ஆனால் பிரச்சினை அப்படியே இருந்தது.

1992 பெப்ரவரி 5 ஆம் திகதி பூங்கா மூடப்பட்டது. பொலிசார் வந்தார்கள், கதவுகள் பூட்டப்பட்டன. அங்கிருந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதற்குப் போதிய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. முதலில் அவர்கள் பக்கத்துக் குடியிருப்புகளின் வாசற்படிகளுக்கும் முற்றங்களுக்கும் போனார்கள். பின்னர் சற்றுத் தூரத்தில் ஆற்றங்கரையில் கைவிடப்பட்டிருந்த லெட்டன் புகையிரத நிலையத்தில் ஒன்றுகூடினார்கள். அதே ஆட்கள், அதே ஊசிகள். பூங்கா சுத்தமானது, நகரம் சுத்தமாகவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. நானா பிடிபட்ட அந்தச் சுற்றிவளைப்புக்குப் பிறகு பஸ் தரிப்பிடத்தின் பின்புறம் வெறிச்சோடிப் போனது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஒரு மாதம் கூட ஆகவில்லை, பழைய சந்தைக் கட்டிடத்தின் பக்கம் இரவில் ஆள் நடமாட்டம் என்று வாப்பா சொன்னார். அந்தக் கட்டிடத்தில் ஒரு மின்குமிழ் கூட எரிவதில்லை.

இரண்டாவது முறை என்ன வித்தியாசம்?

மூன்று வருடங்களின் பின், 1995 பெப்ரவரி 14 ஆம் திகதி லெட்டனும் மூடப்பட்டது. இம்முறை அப்படியொரு பெரிய திறந்தவெளிச் சந்தை மீண்டும் உருவாகவில்லை. பொலிஸ் அதே பொலிஸ்தான். ஆனால் இம்முறை கதவைப் பூட்டுவதற்கு முன்பே, பூட்டினால் இவர்கள் எங்கே போவார்கள் என்பதற்குப் பதில் தயாராக இருந்தது. மாநகர சபை, மாநில அரசு, மத்திய அரசு, பொலிஸ் ஆகிய நான்கும் சேர்ந்து அந்தப் பதிலைத் தயாரித்திருந்தன.

சபை தன் பங்குக்குச் செய்தவை பல. இரவில் தங்குவதற்கு இடங்கள், குளிக்கவும் சாப்பிடவும் காயத்துக்கு மருந்து போடவும் பகல் நிலையங்கள், கூலி வேலை வாய்ப்புகள், ஆலோசகர்கள் என்பன அவற்றில் சில. மெதடோன் சிகிச்சை விரிவாக்கப்பட்டது. மெதடோன் மெதுவாக வேலை செய்யும் மருந்து. நாளுக்கு ஒரு தடவை வைத்தியரின் மேற்பார்வையில் எடுத்தால் அந்தக் கொடிய வலி வராது, மயக்கமும் இருக்காது. அதனால் ஒருவர் வேலைக்குப் போகலாம், வீட்டில் இருக்கலாம். வேறு எந்தச் சிகிச்சையும் பலிக்காத ஒரு சிறு தொகையினருக்கு 1994 முதல் வைத்திய நிலையத்திலேயே கட்டுப்பாட்டோடு ஹெரோயின் கொடுக்கும் முறையும் பரீட்சிக்கப்பட்டது.

பொலிஸ் தன் பங்கைச் செய்தது. விற்பவர்களைப் பிடித்தார்கள். புதிதாக எங்கேயாவது கூட்டம் சேரத் தொடங்கினால் உடனே கலைத்தார்கள். ஆனால் கலைக்கப்பட்ட நோயாளியைத் தெருவில் விடவில்லை. லெட்டனுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் வெளியூர்க்காரர்கள். அவர்களை ஒரு நிலையத்துக்குக் கொண்டுபோய், யார், எந்த ஊர் என்று விசாரித்து, அந்தந்த ஊர்ச் சபையிடம் ஒப்படைத்தார்கள். உங்கள் ஊர்ப் பிள்ளை, நீங்கள்தான் பொறுப்பு என்பதுதான் அதன் பொருள். இதனால் சின்னச் சின்ன ஊர்ச் சபைகளும் சிகிச்சை வசதிகளைப் பற்றி யோசிக்க வேண்டி வந்தது.

2000 ஆம் ஆண்டில் சூரிச் மாநகர சபை 'சிப் சூரி' என்ற குழுவைத் தொடங்கியது. இதில் இருப்பவர்கள் பொலிசார் அல்லர், சபையின் சமூகப் பணியாளர்கள். தெருவில் நடந்து திரிவார்கள். சண்டை வந்தால் பேசிச் சமாதானம் செய்வார்கள். விழுந்து கிடப்பவரைத் தூக்கி உரிய இடத்தில் சேர்ப்பார்கள். குற்றம் என்றால் பொலிசை அழைப்பார்கள். நோய் என்று கண்டால் பொலிசார் இவர்களை நாடலாம். யாரை எப்போது அழைப்பது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. சாச்சியைப் போல வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டிய நிலை அங்கே குறைந்தது.

தடுத்தல், சிகிச்சை, பாதிப்பைக் குறைத்தல், சட்டத்தை நிலைநாட்டல் ஆகிய நான்கும் சேர்ந்த இந்தக் கொள்கையை 'நான்கு தூண்கள்' என்கிறார்கள். 2008 நவம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 68 சதவீதமானோர் இதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டனர். 1990களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 400 பேர் போதைப்பொருளால் இறந்தார்கள். காலப்போக்கில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. சூரிச்சில் புதிதாக ஹெரோயின் பழகியவர்களின் எண்ணிக்கை 1990 இல் 850 ஆக இருந்து 2002 இல் 150 ஆகக் குறைந்தது என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. லெட்டன் நிலையம் இருந்த ஆற்றங்கரையில் இன்று கோடை காலத்தில் மக்கள் நீந்தி விளையாடுகிறார்கள்.

அது அங்கே, இது இங்கே

எல்லாவற்றையும் அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சூரிச் பணக்கார நகரம். வைத்திய நிலையத்தில் ஹெரோயின் கொடுப்பதை அந்த நாட்டிலேயே பலர் எதிர்த்தார்கள். நம் மார்க்கமும் நம் சமூகமும் அதை எப்படிப் பார்க்கும் என்பதைப் பெரியவர்கள்தான் பேச வேண்டும். போதை ஹராம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் ஹராமைச் செய்துவிட்ட ஒருவர் நோயாளியானால், நோயைக் குணப்படுத்துவது நம் கடமை இல்லையா?

வழியே இல்லாத நாடும் அல்ல இது. 1984 இல் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் சிகிச்சை நிலையங்களை நடத்துகிறது. போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கென்றே 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தானாக முன்வருபவருக்கும் அதில் இடமுண்டு, நீதிமன்றம் கட்டளையிட்டு அனுப்பவும் முடியும். பொலிஸ் நிலையங்களோடு சேர்ந்து இயங்கும் சிவில் பாதுகாப்புக் குழுக்களும் உண்டு. நூலகமும் மைதானமும் சந்தையும் தெருவிளக்கும் நமது பிரதேச சபைகள், நகர சபைகளின் கையில் இருக்கின்றன. எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுவதுதான் இல்லை.

அந்த மேசைக்குப் பெரிய பணம் தேவையில்லை என்று நினைக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை சபைத் தவிசாளர், பொலிஸ் பொறுப்பதிகாரி, வைத்தியசாலை வைத்தியர், பள்ளிவாசல், விகாரை, கோயில், தேவாலயப் பிரதிநிதிகள், பாடசாலை அதிபர்கள் ஒன்றாக இருக்கலாம். பொலிசார் ஓர் இடத்தைச் சுற்றிவளைப்பதாக இருந்தால், சபை அடுத்த நாளே அங்கே விளக்குப் போடலாம். முதல் தடவை பிடிபட்ட இளைஞரின் உம்மாவிடம் ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கலாம். எங்கே போக வேண்டும், எந்த நாளில், யாரைக் கேட்க வேண்டும் என்பது அதில் எழுதியிருந்தால் போதும்.

அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளை இதில் விழுந்துவிட்டால் ஊருக்குப் பயந்து மறைக்காதீர்கள். சாச்சி ஒன்றரை வருடம் மறைத்தார். அந்த ஒன்றரை வருடத்தைத்தான் இன்றும் நினைத்து அழுகிறார். தோழியரே, நம் நானாமாரிடமும் தம்பிமாரிடமும் மாற்றம் தெரிந்தால் வீட்டில் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது.

நானா பிணையில் வந்து மறுபடியும் ஒரு தடவை விழுந்தார். இப்போது ஒரு சிகிச்சை நிலையத்தில் மூன்றாவது மாதம். அந்த இடத்தைச் சாச்சிக்குச் சொன்னவர் ஓர் அதிகாரி அல்ல, நீதிமன்ற வாசலில் பக்கத்தில் நின்ற இன்னொரு தாய். போன ஞாயிற்றுக்கிழமை சாச்சி பார்க்கப் போனார். அன்று கொண்டுபோன பார்சலை நானா முழுவதும் சாப்பிட்டாராம்.

முழுக் குணமாகிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். துஆச் செய்கிறோம். ஆனால் அடுத்த தாய் நீதிமன்ற வாசலில் நின்று இன்னொரு தாயைக் கேட்டு வழி தெரிந்துகொள்ளக் கூடாது. அந்த வழியைச் சொல்வது சபையும் பொலிசும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

(க.பொ.த. உயர்தரம், கலைப் பிரிவு மாணவி)