நிற எண்: ஒரு தொடர், இரு பொருள்

லினக்ஸ் கணிப்பொறியில் ஐ.டி.எல். என்னும் அறிவியல் வரைபட மென்பொருளை இயக்குவோர் எதிர்கொள்ளும் பிழையொன்று கலைச்சொல்லாக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது. வெண்ணிறம் வேண்டி 255 என்னும் எண்ணைக் கொடுத்தால் கோடுகள் சிவப்பாகத் தோன்றுகின்றன.

பழைய 8 பிட் திரைகளில் இவ்வெண் நிற அட்டவணையின் 256 இடங்களுள் ஒன்றை மட்டுமே சுட்டியது. அவ்விடத்தில் எந்நிறம் அமையும் என்பதை அட்டவணையே முடிவு செய்தது. சாம்பல் அட்டவணையில் 255 வெண்மையாகும். 24 பிட் திரையிலோ எண்ணே நிறமாகக் கொள்ளப்படுகிறது. இம்மென்பொருள் கடைசி எட்டு பிட்டுகளைச் சிவப்புக்கும், இடை எட்டினைப் பச்சைக்கும், முதல் எட்டினை நீலத்துக்கும் ஒதுக்குவதால் 255 முழுச் சிவப்பாகிறது. வெண்மைக்கு 16777215 வேண்டும். 'டிவைஸ், டிகம்போஸ்டு=0' என ஆணையிட்டால் எண் மீண்டும் அட்டவணையைச் சுட்டும். எழுதிய நிரலில் பிழை தேடுவது வீண். நிரல் மாறவில்லை, எண்ணைப் பொருள்கொள்ளும் மரபே மாறியது.

தமிழ்க் கையேட்டில் இவ்விரண்டையும் 'நிற எண்' என்றே பெயர்த்தால், பிழை எங்குள்ளது என்பதைப் பயில்வோர் அறிய வழியில்லை. கொல்கத்தாவில் வழங்கும் வங்காள அறிவியல் நடையில் இவ்வேறுபாட்டைக் காட்டச் 'சூசக்', 'மான்' என்னும் சொற்கள் உள்ளன (முன்னது கணிதத்தில் அடுக்குக்குறியையும் குறிப்பது ஒரு குறையே). தமிழில் அட்டவணை இடத்தைச் 'சுட்டெண்' என்றும், நிறத்தையே தரும் எண்ணை 'நிற மதிப்பு' என்றும் பிரித்தாளலாம். 'நிறக்குறியீடு' என்பது இரண்டிற்கும் பொருந்துகிறது; ஆகவே இங்குப் பயன்படாது.