பெயர் நீக்கினால் ஆள் மறைவாரா?

மாணவர் கட்டுரைகளை ஆய்வுக்காகத் திரட்டுங்கால், எழுதியவர் பெயரை அடித்துவிட்டு, இனி யார் எழுதியதென எவரும் அறியார் என்று அமைகிறோம். அந்நம்பிக்கையை அசைத்தவர்களுள் ஒருவர் கணினித் தனியுரிமை ஆய்வாளர் அரவிந்த் நாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர், 2009இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவரானார், இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

2006இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 480,000 வாடிக்கையாளர் படங்களுக்கு அளித்த 10 கோடி மதிப்பீடுகளைப் பெயர் நீக்கி, ஒரு பரிசுப் போட்டிக்காக வெளியிட்டது. ஆய்வு மாணவராயிருந்த நாராயணனும் நெறியாளர் விட்டாலி ஷ்மாட்டிகோவும் அத்திரளை ஆராய்ந்தனர். ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்களும் அவற்றை மதிப்பிட்ட நாள்களும் தெரிந்தாற் போதும். எட்டில் இரண்டு தவறாயினும், நாள்கள் இரு வாரம் பிசகினும், 99 விழுக்காட்டுப் பதிவுகளைத் தனித்தறியலாம் என்று 2008இல் நிறுவினர். அந்நிறுவனம் திட்டமிட்டிருந்த இரண்டாம் போட்டி 2010இல் கைவிடப்பட்டது.

மொழியியலார்க்கு நெருக்கமானது அவர் பிறருடன் இணைந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு. பெயரிலி எழுத்தொன்றை 100,000 வலைப்பதிவர் எழுத்துகளோடு கணினி ஒப்பிட்டது. ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நேர்வுகளில் எழுதியவரைச் சரியாகச் சுட்டியது. பொருளை உணர்த்தும் சொற்களை அது நோக்கவில்லை. இடைச்சொல் போன்ற சிறு சொற்கள், நிறுத்தக்குறிகள், சொல்லின் நீளம் முதலியவற்றை எண்ணியது. நடையை வைத்து ஔவையார் பலர் எனப் பிரித்தறிந்த நமக்கு இம்முறை புதிதன்று, அளவுதான் மலைப்பூட்டுகிறது.

ரெங்கம் போன்ற சிற்றூரில் இந்த இடர் மிகுதி. பிறந்த நாளும் தோட்டத்தின் பெயரும் ஒரு கட்டுரையில் இருந்தால் பிள்ளையை ஊரே சொல்லிவிடும். நம் அடையாள அட்டையின் 12 இலக்கங்களோ தாமே பேசுவன: முதல் ஆறு பிறந்த நாள்; அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், ஜொகூருக்கு 01; கடைசி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். பெயரை அடித்து இவ்வெண்ணை விட்டுவைக்கும் படிவங்களை நாம் பலமுறை கண்டுள்ளோம்.

2013 நவம்பர் 15 முதல் நடப்பிலுள்ள நமது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கே உரியது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. எனவே பள்ளிக் கட்டுரைகளைப் பொறுத்தவரை காவல் பெரிதும் ஆசிரியர் கையில்தான். எண்ணையும் பிறந்த நாளையும் தோட்டப் பெயரையும் அவர் நீக்கலாம். நடையை நீக்க இயலாது; நீக்கினால் ஆராய்வதற்கு எதுவும் எஞ்சாது. ஆகவே கட்டுரையை எவரிடம் கொடுக்கிறோம், அவர் அதனை எங்கே வைப்பார் என்பதை முன்னரே கேட்டறிந்து, பெற்றோரின் இசைவையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.