உஷார்! ஹெட்லைட்டுக்கு நீலம் பூசப் போகிறீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு பார்க்கிங்கில் கால் வைத்ததுமே பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அக்கா மகன் கார் பானெட்டைத் திறந்துபோட்டு, ஹெட்லைட் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு நீலநிற கிளாஸ் பெயின்ட் தடவிக்கொண்டிருந்தான். “நைட்டு பாருங்க மாமா, சும்மா ஐஸ் மாதிரி அடிக்கும்!”

ஒரு பக்கத்துக்கு ஏற்கெனவே பூசி மாட்டி எரியவிட்டிருந்தான். நாற்றம் அங்கிருந்துதான். அணைத்து, ஆறவிட்டுக் கழற்றினோம். பெயின்ட் பொருக்குப் பொருக்காகக் கருகியிருந்தது. அதன் புகை உள்ளே ரிஃப்ளெக்டரில் பழுப்பாகப் படிந்திருந்தது. “துடைச்சா போயிடும்” என்று துணியை விட்டான். பழுப்போடு வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. இனி பல்பு மாற்றிப் பிரயோஜனமில்லை, ஹெட்லைட்டையே மாற்ற வேண்டும்.

எரியும் ஹாலஜன் பல்பின் கண்ணாடி 250 டிகிரிக்கு மேல் கொதிக்கும். வெறும் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கே அதைச் சீக்கிரம் காலி செய்துவிடும் என்றுதான் விவரம் தெரிந்த மெக்கானிக் கண்ணாடியைத் தொடாமல் மாட்டுவார். அதன் மேல் பெயின்டா? நெயில் பாலிஷ் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், சாமி!

சரி, கருகாத பெயின்ட் என்றே வைத்துக்கொள்வோம். ஹாலஜன் வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும்தான் அதிகம், நீலம் கொஞ்சம்தான். நீலப் பூச்சு அந்த அதிகத்தைத் தடுத்துவிட்டு, கொஞ்சத்தை மட்டும் வெளியே விடும். பார்க்கிறவர்களுக்கு ஸ்டைலாக இருக்கும். ஓட்டுகிற உங்களுக்குச் சாலையோரம் நடந்துபோகிறவர் தெரியமாட்டார். மழையில் கேட்கவே வேண்டாம்.

இதைவிட பயங்கரம், ஹெட்லைட்டை ஓடிஜியில் வைத்துச் சூடாக்கிப் பிரித்து, உள்ளே கலர் அடிப்பது. வீடியோ பார்த்துச் செய்கிறார்கள். ஒட்டியிருக்கும் பசை இளகுமுன் பிளாஸ்டிக் கோணிக்கொண்டால் போச்சு. ஒழுங்காகத் திரும்ப ஒட்டவில்லையென்றால் முதல் மழைக்கே உள்ளே தண்ணீர் கோக்கும். வெளிக்கண்ணாடி என்று நாம் சொல்வது இன்றைய கார்களில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். தின்னர் பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும்.

கலர் போட்டு வெளிச்சம் குறைந்ததும் அடுத்த தப்பு நடக்கும்: ‘பவர் ஜாஸ்தி’ பல்பு. கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் 60/55 வாட்ஸ். கடையில் 100/90 கிடைக்கிறது. ஹைபீமில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் இழுத்த இடத்தில் இப்போது 16-க்கு மேல். பழைய வயர் தாங்குமா? முதலில் ஹோல்டர் உருகும். ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டீர்களோ, அடுத்து வயரிங்கே எரியும்.

சட்டமும் சும்மா விடாது. முன்பக்கம் சிவப்பு விளக்கு கூடாது. வண்டியை விதிக்குப் புறம்பாக மாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிரேக் இன்ஸ்பெக்டரிடம் “ஃபேஷனுக்கு சார்” என்றால் எடுபடாது.

வெளிச்சம் போதவில்லையா? மஞ்சளடித்த வெளிக்கண்ணாடியை பாலிஷ் போடச் சொல்லுங்கள். எர்த் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி குறை அங்கேதான் இருக்கும்.

ஏற்கெனவே கலர் பல்போ எல்இடியோ மாட்டிவிட்டவர்கள், இன்றிரவே வண்டியைச் சுவருக்கு எதிரே இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தி லோபீம் போடுங்கள். சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு வெட்டினாற்போல் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறலாம், வலப்பக்கம் தாழ்வாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் எதிரே வருகிறவர் கண் அங்கேதான். கோடே இல்லாமல் சுவர் முழுக்கத் தெறிக்கிறதா? காலையில் முதல் வேலையாகப் பழைய பல்பை மாட்டுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.