ஆபரேஷனுக்கு முன் இன்னொரு ஸ்கேன் எதற்கு?

கணையத்திலோ கல்லீரலிலோ கட்டி என்று தெரிந்து, ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில் டாக்டர், "மருந்து ஏற்றி ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்து வாருங்கள்" என்கிறார். "நோய்தான் தெரிந்துவிட்டதே, இது பணம் பிடுங்கும் வேலையோ?" என்ற சந்தேகம் பல குடும்பங்களில் எழுகிறது. விவரம் தெரியாமல் அப்படி முடிவு கட்டிவிடக் கூடாது.

எல்லோருக்கும் ஒரே அமைப்பு இல்லை

இருதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனியில் சீலியாக் என்ற கிளை பிரிகிறது. அதிலிருந்து கல்லீரல் தமனி புறப்பட்டு வலது, இடது என இரண்டாகிறது. பாடநூல்களில் உள்ள படம் இதுதான். ஆனால் அல்லாஹ் முகங்களை விதவிதமாகப் படைத்தது போலவே இரத்தக் குழாய்களையும் படைத்திருக்கிறான். மிச்செல்ஸ் என்ற உடற்கூறு அறிஞர் 200 உடல்களை ஆராய்ந்து, 1966-ல் இவற்றை 10 வகைகளாகப் பிரித்தார். அவர் பார்த்தவர்களில் பாடநூல் அமைப்பு இருந்தது 55 சதவீதத்தினருக்கு மட்டுமே. 1994-ல் வெளியான, 1000 தானக் கல்லீரல்களைப் பற்றிய ஆய்வில் அது சுமார் 76 சதவீதம்.

சிலருக்கு வலது தமனி, குடலுக்குச் செல்லும் தமனியிலிருந்து கிளம்பி, கணையத்தின் தலைப்பகுதிக்குப் பின்னால் ஏறி வருகிறது. சிலருக்கு இடது தமனி, இரைப்பைக்குச் செல்லும் தமனியிலிருந்து வருகிறது. இவை நோய் அல்ல. அவற்றோடு ஆயுள் முழுக்க நலமாக வாழலாம். கத்தி வைக்கும்போதுதான் ஆபத்து.

தெரியாமல் வெட்டினால்

கணையத் தலையை அகற்றும்போது வலது தமனியும், இரைப்பைப் புற்றுக்கு ஆபரேஷன் செய்யும்போது இடது தமனியும் அறுபடக்கூடும். கல்லீரலுக்குப் பெரும்பகுதி இரத்தத்தைத் தருவது போர்ட்டல் சிரை என்பதால் கல்லீரல் ஒருவேளை தாக்குப்பிடிக்கலாம். ஆனால் பித்தக் குழாய்கள் தமனியையே நம்பியிருக்கின்றன. அந்த இரத்தம் நின்றால், பித்தக் குழாயைக் குடலோடு இணைத்துத் தைத்த இடம் ஆறாமல் பித்தம் கசியலாம். சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். கல்லீரல் தானத்திலோ, கொடுப்பவர், பெறுபவர் இருவரின் தமனி அமைப்பும் முன்பே தெரிந்தாக வேண்டும்.

கை நரம்பில் மருந்து ஏற்றி, அது தமனிகளை நிறைக்கும் அரை நிமிட அளவில் சி.டி. படம் எடுத்தால் இந்தப் பாதை தெளிவாகத் தெரியும். மற்ற நோக்கத்தில் எடுத்த பழைய ஸ்கேனில் அது தெரியாமல் போகலாம்.

ஸஹ்ராவி தந்த எச்சரிக்கை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, உடற்கூறு தெரியாதவர் கத்தியைத் தொடக் கூடாது என்று வலியுறுத்தினார். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீறிய அறியாத வைத்தியர் தமனிகளை அறுத்து, அவள் அங்கேயே இறந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். மருத்துவம் அறியாமல் வைத்தியம் செய்பவர் இழப்புக்குப் பொறுப்பாளி என்பது நம் மார்க்கச் சட்டமும்கூட.

எனவே சகோதரர்களே, தயங்காமல் கேளுங்கள்: "கல்லீரல் தமனி வழக்கமான அமைப்பில் இருக்கிறதா? ரிப்போர்ட்டில் அது எழுதப்பட்டுள்ளதா?" பழைய ஸ்கேன் இருந்தால் சி.டி.யோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்; அதுவே போதுமா என்று டாக்டர் சொல்வார். சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம், சாப்பிடும் சர்க்கரை மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னது நம் மார்க்கம். பாதையை அறிந்தபின் கத்தியை எடுப்பதும் அதுவே. நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.