கம்ப்ரசர் ஹோஸ் துள்ளுவது ஏன்?

பாறை உடைக்க டிராக்டர் கம்ப்ரசர் வந்து நின்றால் எல்லோர் கண்ணும் பிரேக்கர் மேல்தான் இருக்கும். அதற்குப் பின்னால் தரையில் கிடக்கிற ஹோஸை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது அதைத்தான், முக்கியமாக அதன் இணைப்புகளை.

தண்ணீரைச் சுருக்கி அடைக்க முடியாது. அதனால் தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டதும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். காற்று அப்படியல்ல. பிரேக்கருக்குப் போகும் காற்று சுமார் 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கும். ஏறக்குறைய ஏழு பங்கு காற்றை ஒரு பங்கு இடத்தில் திணித்த மாதிரி. இணைப்பு கழன்றால் அது விரிந்து வெளியேறும் வேகத்தில், நுனியிலுள்ள இரும்புக் கப்ளிங்கோடு ஹோஸ் நாலாபக்கமும் வீசியடிக்கும். கம்ப்ரசர் பக்கத்து வால்வை மூடும்வரை ஓயாது. பாய்ந்து பிடிக்கப் போகிறவருக்குத்தான் முதல் அடி.

கப்ளிங்கின் இரு பாதிகளையும் கோத்துத் திருகியபின், அவற்றிலுள்ள துளைகளில் பின் போட வேண்டும். பல சைட்டுகளில் அந்தத் துளைகள் காலியாகவே இருக்கும். பிரேக்கர் அதிர அதிர, பூட்டு மெல்லத் திரும்பிக் கழன்றுவிடும். ஹோஸைக் கப்ளிங்கோடு சேர்க்கக் கட்டுக்கம்பி சுற்றுவதும் நம்மூர் வழக்கம். போல்ட் வைத்த கிளாம்ப்தான் அங்கே தாங்கும். இத்தனைக்கும் மேலே 'விப் செக்': இரு முனையிலும் வளையம் உள்ள எஃகு வடம். கப்ளிங்கைத் தாண்டி இருபக்க ஹோஸிலும் மாட்டி, தொய்வில்லாமல் இழுத்துவிட வேண்டும். தொங்கலாகக் கிடந்தால் மாட்டியும் மாட்டாததுதான்.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. உள்விட்டம் அரை அங்குலத்துக்கு மேற்பட்ட ஹோஸ் என்றால், அது அறுந்தால் அழுத்தத்தைக் குறைக்கும் பாதுகாப்புச் சாதனம் காற்று கிளம்பும் இடத்திலோ கிளைக் குழாயிலோ இருந்தாக வேண்டும்.

என்ஜினை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஹோஸுக்குள் காற்று அப்படியே நிற்கும். வால்வை மூடி, பிரேக்கர் பிடியை அழுத்திக் காற்றெல்லாம் போனபின் கழற்றுங்கள். ஹோஸை மடக்கிப் பிடித்துக்கொண்டு கழற்றுவது அவசரக்காரர்களின் வழி. கை கொஞ்சம் நழுவினால் முகத்துக்கு நேரே திறக்கும்.

சட்டைத் தூசியை இந்தக் காற்றால் ஊதவே கூடாது. துகள் கண்ணில் பாயும். தோலில் காயம் இருந்தால் காற்று உள்ளே ஏறும். விளையாட்டாகச் சக தொழிலாளியின் ஆசனவாயில் காற்றைச் செலுத்தி, குடல் கிழிந்து ஆள் இறந்த வழக்குகள் நம் நாட்டிலேயே உண்டு.