காலையில் வாவி, மாலையில் கடல்: முகம் தெளிவாக விழப் படம் பிடிப்பது எப்படி?

நம்ம தோட்டங்களில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், மரண அறிவித்தலுக்குப் படம் தேடும் வேலை உடனே தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளின் போன்களில் படங்களுக்குக் குறைவிருக்காது. ஆனால் ஒன்றில் அவர் கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்பார். இன்னொன்றில் முகம் கறுத்துப்போய்க் கண் எது, வாய் எது என்று தெரியாது. கடைசியில் அடையாள அட்டையில் உள்ள படத்தையே ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலையும் போடுவார்கள். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த ஒரு தாய்க்கு, என்றோ ஒருநாள் அவசர அவசரமாக எடுத்த அந்தப் படம்தான் மிச்சம். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து, "பாட்டி ஏன் இவ்வளவு கோபமா இருக்காங்க?" என்று கேட்கிறார்கள்.

இதற்குக் காரணம் காசு இல்லாதது என்று சொல்ல முடியாது. கையில் இருக்கிற சாதாரண போனே போதும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, நிறம் எப்படி மாறுகிறது, ஆளை எப்படி நிற்க வைப்பது என்பவற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்ல படம் எடுத்துவிடலாம். இந்த இதழில் அதைப் பற்றித்தான் எழுதுகிறோம். உதாரணத்துக்கு மட்டக்களப்பு வாவிக் கரையை எடுத்துக்கொள்கிறோம். பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடிக்கு இறங்குகிற ஏ5 வீதி, தேயிலை மலையையும் வாவிக் கரையையும் நேராக இணைக்கிறது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்கும், பள்ளிக்கூட விடுமுறைக்கும், சொந்தக்காரர் வீட்டுக்கும் என்று அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். குடும்பம் முழுக்க நல்ல உடுப்போடு ஒன்றாக நிற்கிற நாள் வருஷத்தில் சில நாள்தான். அந்த நாள் படம் பிழைத்துப் போனால் திரும்ப எடுக்க முடியாது.

அப்படிப் போய்வந்தவர்களின் படங்களைப் பார்த்தால் ஒரே குறைதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. வாவித் தண்ணீர் பளபளவென்று அழகாக விழுந்திருக்கும். கல்லடிப் பாலமும் விழுந்திருக்கும். முன்னால் நிற்கிற ஆட்களின் முகம் மட்டும் கரிச்சட்டி மாதிரி இருக்கும். "நான் கறுப்பு, அதனால்தான் இப்படி" என்று சில பேர் சொல்லிவிடுகிறார்கள். அது சரியான காரணம் இல்லை. யார் நின்றாலும் அப்படித்தான் விழும்.

போனில் உள்ள கமராவுக்கு முகம் முக்கியம், தண்ணீர் முக்கியமில்லை என்று தானாகத் தெரியாது. (புதிய போன்கள் முகத்தைக் கண்டுபிடிக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் பின்னால் வெளிச்சம் மிஞ்சினால் அவையும் தடுமாறும்.) படத்தில் விழுகிற மொத்த வெளிச்சத்தைப் பார்த்து, அதை ஒரு நடுத்தர அளவுக்குக் கொண்டுவரத்தான் அது முயலும். பின்னால் தண்ணீரும் வானமும் வெள்ளையாக மின்னினால், "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். தண்ணீர் அளவாகத் தெரியும், முகம் கறுத்துவிடும். நம்ம மலையிலும் இதேதான் நடக்கிறது. பனிமூட்டம் இறங்கிய காலையில் தேயிலை மலையில் நின்று எடுத்த படத்தைப் பாருங்கள். மூட்டம் சாம்பல் நிறமாகவும் ஆள் நிழலாகவும் விழுந்திருக்கும். இருட்டான சுவரைப் பின்னால் வைத்தால் நிலைமை தலைகீழ். கமரா வெளிச்சத்தைக் கூட்டி, முகத்தை வெளிறச் செய்துவிடும்.

இதற்கு வழி சுலபம். போன் திரையில் முகம் தெரிகிற இடத்தை விரலால் ஒருமுறை தொடுங்கள். சிறிய சூரியன் அடையாளம் ஒன்று வரும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். முகம் சரியாகத் தெரிகிறவரை இழுத்துவிட்டுப் பிறகு படம் எடுங்கள். பின்னால் வானம் வெளுத்துப் போனால் போகட்டும். நமக்கு வேண்டியது ஆள்.

இதைவிட நல்ல வழி, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி ஆளை நிற்க வைப்பது. கல்லடி இதற்கு நல்ல பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம். அங்கே ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். நடுவில் ஒரு துண்டு நிலம். கடல் கிழக்கே, வாவி மேற்கே. எல்லாரும் என்ன செய்கிறோம்? விடியற்காலையில் கடலுக்குப் போய், உதிக்கிற சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கிறோம். பின்னேரம் வாவிக்குப் போய், மறைகிற சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று எடுக்கிறோம். இரண்டிலும் முகம் இருட்டு. அதை மாற்றிச் செய்து பாருங்கள். காலையில் ஆறரை, ஏழு மணிக்கு வாவியைப் பின்னால் வைத்து நின்றால், கடல் பக்கத்திலிருந்து வருகிற இளவெயில் நேரே முகத்தில் விழும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கடலைப் பின்னால் வைத்து நின்றால், வாவிப் பக்கத்து மஞ்சள் வெயில் முகத்தில் விழும். காலையில் வாவி, மாலையில் கடல். இவ்வளவுதான் கணக்கு. கண் கூசினால், முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். ஒரு கன்னத்தில் வெளிச்சமும் மறு கன்னத்தில் லேசான நிழலும் விழும்போது மூக்கும் தாடையும் எடுப்பாகத் தெரியும்.

2013இல் திறந்த புதிய பாலத்தில் வாகனங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உள்ள பழைய லேடி மானிங் பாலத்தையும் சேர்த்துப் படம் எடுக்க விரும்புகிறவர்கள், றோட்டு நடுவில் நிற்காமல் கரையில் இறங்கி நின்று எடுங்கள். பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கப் பௌர்ணமி இரவில் போகிறவர்களும் உண்டு. மீன் பாட்டு போட்டோவில் விழாது, நிலா வெளிச்சத்தில் முகமும் விழாது. அந்த நேரம் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் காது கொடுப்பது நல்லது.

நடுப்பகல் வெயிலைத் தவிர்க்க வேண்டும். சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. அப்போது மத்தியானம் எடுத்தால் கண்குழி இரண்டிலும் கறுப்பு விழுந்து, மூக்குக்குக் கீழே மீசை வைத்த மாதிரி நிழல் நிற்கும். கோயிலுக்குப் போன நேரம் மத்தியானமாகிவிட்டால் வெயிலில் வரிசையாக நிற்க வைக்காதீர்கள். மண்டப ஓரத்து நிழலுக்குக் கூட்டிப்போய், வெளியே வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி நிற்க வையுங்கள். வெள்ளை மணலோ சீமெந்துத் தரையோ முன்னால் இருந்தால் இன்னும் நல்லது. அதில் பட்ட வெயில் எகிறி முகத்துக்குக் கீழிருந்தும் வெளிச்சம் கொடுக்கும்.

லயத்துக் காம்பராவுக்கும் இதுதான் சட்டம். உள்ளே இருட்டு, வெளியே வெயில். இரண்டும் படத்துக்கு உதவாது. இஸ்தோப்பில், வாசலுக்குக் கொஞ்சம் உள்ளே, வெளியே பார்த்தபடி ஒரு கதிரையைப் போட்டு உட்கார வையுங்கள். வாசல் வழியாக வருகிற மெதுவான வெளிச்சம் முகம் முழுக்கப் பரவும். பெரிய ஸ்டூடியோக்காரர் வெள்ளைக் குடையும் விளக்கும் வைத்துச் செய்கிற வேலையை அந்த வாசலே செய்துவிடும்.

இந்த இடத்தில் போகவந்தலாவைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அங்கே புனித மரியாள் தேவாலயத்தில் ஜூலியா மார்கரட் கமரோன் என்ற ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை இருக்கிறது. உலகத்தில் முகப் படம் எடுத்தவர்களின் பெயரைச் சொன்னால் முதல் வரிசையில் வருகிறவர் அவர். 1863இல், 48 வயதில்தான் முதன்முதலாகக் கமராவைக் கையில் எடுத்தார். இங்கிலாந்தில் கண்ணாடி போட்ட பழைய கோழிக்கூடு ஒன்றைத்தான் ஸ்டூடியோவாக வைத்திருந்தார். மின்சார விளக்கு இல்லை. ஒரு பக்கத்திலிருந்து வருகிற பகல் வெளிச்சத்தை மட்டும் முகத்தில் விழவைத்தார். அவர் படங்கள் இன்றைக்கும் நூதனசாலைகளில் இருக்கின்றன. கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் வாழ்ந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்துக் கிளன்கெயார்ன் தோட்டத்தில் காலமானார். கோழிக்கூட்டு வெளிச்சத்தில் அவர் செய்ததை நம்ம இஸ்தோப்பு வெளிச்சத்தில் செய்ய முடியாதா என்ன?

இனி நிறம். இதில்தான் மனசு நோகிற விஷயம் இருக்கிறது. பிலிம் ரோல் காலத்தில் கொடாக் கம்பனி, நிறம் சரியா என்று பார்க்க ஸ்டூடியோக்களுக்கு ஒரு மாதிரிப் படம் கொடுத்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்தக் கம்பனியில் வேலை பார்த்த ஷேர்லி என்பவர்தான் முதலில் அதற்கு நின்றார். பிறகு வேறு பெண்கள் நின்றபோதும் அந்த அட்டைக்கு 'ஷேர்லி' என்றே பெயர். அவருடைய தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுப்பு, மாநிற முகங்கள் அந்தப் பிலிமில் சேறு பூசின மாதிரி விழுந்தன. அதைத் திருத்தும்படி அழுத்தமாகக் கேட்டவர்களில் சொக்லட் கம்பனிக்காரரும் மரத் தளபாடக் கம்பனிக்காரரும் இருந்தார்கள் என்பது வேடிக்கை. பால் சொக்லட்டுக்கும் கறுப்பு சொக்லட்டுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்கள் முறைப்பாடு. 2021இல்கூட கூகிள் கம்பனி தன் பிக்சல் 6 போனை விற்க வந்தபோது, கறுப்புத் தோலையும் உள்ளபடி காட்டுகிறது என்பதை ஒரு புதுமையாகச் சொன்னது. ஆகவே படத்தில் நம்ம முகம் சரியாக விழாதபோது, குறை பெரும்பாலும் நம்ம தோலில் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

போனில் 'பியூட்டி' என்று ஒரு வசதி இருக்கிறது. சில போன்களில் நாம் கேட்காமலே அது வேலை செய்துகொண்டிருக்கும். தோலை வெளுப்பாக்கி, சுருக்கத்தை எல்லாம் துடைத்துவிடும். அதை நிறுத்தி வையுங்கள். ஸ்டூடியோவில் பிரின்ட் போடக் கொடுக்கும்போதும், "நிறத்தை வெளுப்பாக்க வேண்டாம், உள்ளபடி போடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வெளுப்பாக்கித் தருவார்கள். அம்மாவின் நெற்றிச் சுருக்கமும், வருஷக்கணக்காகக் கூடைக் கயிறு அழுத்திய தலையும் அவர் பட்ட பாட்டின் அடையாளம். அதை எதற்கு அழிக்க வேண்டும்?

சுற்றியிருக்கும் பொருட்களின் நிறமும் முகத்தில் ஏறும். தென்னந்தோப்பு நிழலிலும் தேயிலைச் செடி நடுவிலும் நின்றால் தாடைக்கடியில் பச்சை ஏறும். நீலத் தறப்பாளின் கீழே நின்றால் முகம் நோயாளி மாதிரி நீலம் பாயும். வீட்டுக்குள் எல்.ஈ.டி. பல்பும் யன்னல் வெளிச்சமும் ஒன்றாக விழுந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். பகலில் எடுக்கும்போது பல்பை அணைத்துவிடுங்கள். மட்டக்களப்புப் புழுக்கத்தில் நெற்றியும் மூக்கும் வேர்த்து மினுமினுக்கும். ஒரு துவாயால் ஒற்றி எடுத்துவிட்டுப் படம் பிடித்தால் அந்த வெள்ளைப் பொட்டுகள் விழாது.

நிற்கிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம். நம்மவர் கமராவைக் கண்டதும் பெரட்டுக் களத்தில் நிற்கிற மாதிரி விறைத்துவிடுகிறார்கள். கமரோன் அம்மையார் காலத்தில் ஒரு படத்துக்குச் சில நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த அவசியம் இல்லை. தோளைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, முகத்தை மட்டும் கமராப் பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். தாடையை லேசாக முன்னே நீட்டினால் கழுத்து மடிப்பு மறையும். போனை அவர் கண் உயரத்துக்குப் பிடியுங்கள். பிள்ளைகளை எடுக்கும்போது நீங்கள்தான் குந்த வேண்டும். மிகக் கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெருத்து விழும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, போனில் '2x' இருந்தால் அதைத் தொட்டு எடுங்கள். "சிரிங்க, சிரிங்க" என்று கத்தினால் பல்தான் தெரியும், சிரிப்பு வராது. வயசானவர்களைக் கதிரையில் உட்காரவைத்து, முதன்முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க என்று கேட்டுக்கொண்டே எடுங்கள். கதை சொல்லும்போது வருகிற முகம்தான் அவருடைய முகம். கொழுந்துக் கறை ஏறிய கையை மறைக்கச் சொல்லாதீர்கள். மடியில் வைத்தபடி அதுவும் படத்தில் விழட்டும்.

(அடையாள அட்டைக்கான படம் வேறு. அதற்கு ஆட்பதிவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும். அங்கே சிரிக்கவும் முடியாது.)

எடுத்த படத்தை ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். பெரிதாக்கும்போது முகம் கலங்கும். 'டொக்கியுமென்ட்' என்பதைத் தெரிவுசெய்து அனுப்பினால் முழுதாகப் போய்ச் சேரும். போன் உடைந்தால் படமும் போய்விடும். ஆகவே நல்லதில் ஒன்றிரண்டையாவது கடதாசியில் போட்டு வையுங்கள்.

கமரோன் அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் ஏறத்தாழ முப்பதுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் வேலைக்காரரும் தோட்ட ஆட்களும் கிராமத்து மக்களும் இருக்கிறார்கள். முகம் அவ்வளவு தெளிவு. ஆனால் பெரும்பாலும் பெயர் இல்லை. 'இலங்கைப் பெண்' என்கிற மாதிரி எழுதியிருக்கிறதே தவிர, அந்தப் பெண் யார், எந்த ஊர், யாருடைய மகள் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. உங்கள் படம் பிரின்ட் ஆகி வந்ததும் பின்பக்கத்தில் பெயர், ஊர், தோட்டம், டிவிசன், எடுத்த திகதி எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும். மெல்லிய பென்சிலோ, சீடியில் எழுதுகிற மார்க்கரோ நல்லது. மார்க்கர் என்றால் காயும்வரை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.